நால்வர் கையெழுத்திட்ட பக்கம்

மாதத்தின் இருபத்தொன்பதாம் நாள் மாலை பிறை பார்க்கப் பள்ளிவாசல் அனுப்பும் நால்வரில் நானும் ஒருவன். அதிகம் கதைக்காதவன் என்பதால் என் சாட்சிக்கு மதிப்பு இருந்தது.

கல்முனைக்குடிக்கு மேற்கே வயல் வரம்பில் நிற்போம். ஒரு மாலை பிறை தெரியவில்லை. ஆனால் சூரியன் மறைந்த இடத்துக்கு மேலே ஒரு செம்மஞ்சள் வெளிச்சம் வடக்கே போய், சட்டென்று திரும்பி வந்த வழியே போனது. நால்வரும் பார்த்தோம். ஆனால் நாங்கள் போனது பிறைக்கு. பள்ளிவாசல் புத்தகத்தில் ‘வானம் தெளிவு. எதுவும் தென்படவில்லை’ என்று எழுதிக் கையெழுத்திட்டோம்.

சில வாரங்களில் கொழும்பிலிருந்து பெண் விஞ்ஞானி ஒருவர் வந்தார். இன்னதென்று தெரியாமல் வானத்தில் தோன்றுபவற்றால் விமானங்களுக்கு ஆபத்து உண்டா என்று ஆராய்வதே அவருடைய வாழ்நாள் தொழில். பெரும்பாலும் பலூன், பறவை, வெள்ளி என்று முடிந்துவிடும் என்றார். அதில் அவருக்கு வருத்தம் இருப்பதாகத் தெரியவில்லை.

அதே மாலை ஒரு சிறு விமானத்தின் இறக்கையருகே வெளிச்சம் போனதாக அதன் விமானி அறிவித்திருந்தார். அவரைப் பறக்கவிடாமல் நிறுத்தி, கண்ணையும் மனதையும் பரிசோதித்துக்கொண்டிருந்தார்கள். விசாரித்தவர்கள் அவரை நம்பாததற்குக் காரணம், நாங்கள் நால்வரும் கையெழுத்திட்ட பள்ளிவாசல் புத்தகப் பக்கத்தின் பிரதி அவர்கள் கையில் இருந்தது.

“நீங்க ஏதும் கண்டிருந்து அதைச் சொன்னா அவர் திரும்பப் பறக்கலாம்” என்றார் விஞ்ஞானி.

வரம்பில் என்னோடு நின்ற மச்சான் என்னை ஓரமாக இழுத்தார்.

“இப்ப கண்ட எண்டா, அப்ப வெச்ச கையெழுத்து என்ன பொய்யா? இனி உங்கட பிறைய ஆரு நம்புவான்? வாயப் பொத்திட்டு இரிங்க மச்சான்.”

லுஹர் தொழுகை வரை, நண்பகல் தாண்டும்வரை யோசித்தேன். பிறகு விஞ்ஞானியிடம் போய்ச் சொன்னேன். எந்தத் திசை, எத்தனை விரல் உயரம், எவ்வளவு நேரம் என்று கேட்டார். பள்ளிவாசலில் கேட்பவைதான், சிரமம் இருக்கவில்லை. பிறையின் கொம்பு எந்தப் பக்கம் என்பதை மட்டும் கேட்கவில்லை.

பள்ளிவாசல் தலைவரிடமும் சொன்னேன்.

“கோவிக்காதீங்க தம்பி. இது நோம்பு விசயம். இனி வேற ஆளப் பாப்பம்” என்றார்.

விமானி திரும்பவும் பறக்கிறார் என்று விஞ்ஞானி தொலைபேசியில் சொன்னார். வெளிச்சம் என்ன என்று கேட்டேன். தெரியாது என்றார்.

நோன்புப் பிறைக்கு என்னை யாரும் கூப்பிடவில்லை. வீட்டின் பின்பக்கம் நின்று பார்த்தேன். தெரிந்தது. பள்ளிவாசல் அறிவிக்க முன்பே மனைவியிடம் சொன்னேன்.

“கண்ணால கண்டயளா?”

“ஓம்.”

“அப்ப விடியச் சஹர் சோத்துக்கு அரிசி எடுக்கன்” என்று எழும்பிப் போனார்.