லட்சுமியின் வலது கை

அப்பா கோயில் கோபுரங்களிலும் வீட்டு முகப்புகளிலும் சுதைச் சிற்பம் செய்பவர். முகத்தைச் சட்டென்று முடித்துவிடுவார், கையோடுதான் மல்லுக்கட்டுவார். கண்டனூரில் ஒரு பெரிய வீட்டு முகப்பில் லட்சுமிக்கு அபயக் கை உடைந்து விழுந்திருந்தது. அந்த வீட்டுப் பெண்ணின் கல்யாணத்துக்குள் புதுக் கை வைத்தாக வேண்டும். அப்பா செய்வார், உதட்டைப் பிதுக்குவார், உடைப்பார். அம்மா மதுரை ஆஸ்பத்திரியில் கிடக்கும்போது அவருக்கு வேலை எப்படி ஓடும்?

அந்த வீட்டு ஆச்சி கீழிருந்து சத்தம் போடுவார். "இன்னும் எத்தனை கைதான் செய்வீக? மாப்பிள்ளை வீட்டுக்காரவுக கையில்லாத லட்சுமியையா கும்பிடுவாக?"

அந்த லட்சுமியைச் செய்தவர் எந்தக் காலத்திலோ போய்ச் சேர்ந்துவிட்டார். அவர் செய்த இன்னொரு லட்சுமி ஒக்கூரில் இருந்தது. அப்பா என்னையும் வண்டியில் ஏற்றிக்கொண்டு போய், செல்போனில் அந்தக் கையைப் படம் படமாக எடுத்தார்.

"பாத்தியாத்தா? நாங்க வைக்கிற கை, போலீஸ்காரர் வண்டிய நிப்பாட்டுற மாதிரி வெறைச்சு நிக்கும். அவுக கையைப் பாரு. விரலெல்லாம் லேசா முன்னால சாஞ்சிருக்கு. பயப்படாதன்னு சொல்லிக்கிட்டே வா வான்னு கூப்பிடுது."

எனக்கு வாங்கித் தருவதாகச் சொன்ன புரோட்டாவில்தான் நினைப்பு.

அந்த ஞாயிற்றுக்கிழமை ஆஸ்பத்திரிக்குப் போனோம். அம்மாவின் தொண்டையில் குழாய், பேச முடியாது. நேரமாகிவிட்டது என்று நர்ஸ் விரட்ட, அப்பா கண்ணைத் துடைத்துக்கொண்டு முன்னால் நடந்துவிட்டார். வாசலில் நான் மட்டும் திரும்பிப் பார்த்தேன். அம்மா கையைத் தூக்கி விரல்களை மெல்ல மடக்கி அசைத்தது. அட, டாட்டா காட்டுதே! எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. நானும் இரண்டு கையாலும் டாட்டா காட்டிவிட்டு ஓடினேன்.

பஸ்ஸில் அப்பாவிடம் சொன்னேன்.

"எப்படிக் காட்டுச்சு?"

செய்து காட்டினேன். அப்பாவுக்கு முகமே மாறிவிட்டது. இன்னொரு தடவை காட்டச் சொன்னார். அடுத்த ஊரிலேயே இறங்கி மதுரைக்குத் திரும்பினோம். நாங்கள் போவதற்குள் எல்லாம் முடிந்திருந்தது.

காரியம் கழிந்ததும் அப்பா மறுபடி சாரம் ஏறினார். செல்போனை வெளியே எடுக்கவேயில்லை. அன்று செய்த கையை உடைக்கவும் இல்லை. ஆச்சி அண்ணாந்து பார்த்து, "அப்படியே அந்தப் பழைய ஆளு கை" என்றார்.

எனக்கு அது அம்மா கை. கீழே நின்றபடி இரண்டு கையாலும் டாட்டா காட்டினேன். அப்பா இறங்கி வந்து என் கைகளைப் பிடித்துக்கொண்டார்.

"அது டாட்டா இல்லத்தா."

"பின்ன என்னவாம்?"

அப்பா என் கைகளை விட்டுவிட்டு, தன் கையிலிருந்த சுண்ணாம்பைக் கழுவ ஆரம்பித்தார். எனக்குக் கோபம் வந்தது. அவர் அங்குட்டுத் திரும்பியதும், இன்னொரு டாட்டா காட்டிவிட்டுத்தான் வந்தேன்.