குளத்தின் மேல் நிற்கும் மான்கள்

எங்கள் குளத்தை மூடியது நீங்கள்தான், மாஸ்டர். வேறு யாரையும் கைகாட்டாதீர்கள்.

போன வருடத் தொடக்கத்தில் சனசமூக நிலையத்தில் நீங்கள் பேசியபோது நானும் இருந்தேன். நிலையத்தின் தலைவர் நீங்கள். விலங்கியல் படிப்பித்து ஓய்வுபெற்றவர். திரையில் இரண்டு படங்கள் காட்டினீர்கள். ஒன்று சீனாவின் சதுப்புநில மான். மற்றது மெக்சிக்கோ ஏரியொன்றின் சலமந்தர். பார்க்கப் பல்லி, ஆனால் தவளைக்கு உறவு, தண்ணீரிலேயே சீவிப்பது. மான் தன் நிலத்தில் முற்றாக அழிந்த பிறகும், வேலிக்குள் வளர்த்தவற்றைப் பெருக்கித் திரும்ப விட்டார்களாம். விடுவதற்கு நிலம் இருந்தது. சலமந்தர் ஊர் ஊராகக் கண்ணாடித் தொட்டிகளில் நிறைய இருக்கிறதாம். திரும்ப விடத்தான் நல்ல தண்ணீர் இல்லை.

"தண்ணி பழுதாப் போனா பிறகு ஒண்டும் செய்யேலாது. விளங்குதோ?" என்றீர்கள்.

"ஓம்" என்றோம்.

பங்குனியில் டிப்பர் லொறிகளில் கிரவல் மண் வந்தது. சிறுவர் பூங்காவாம். குளத்தை நிரவி, அதன்மேல் இரண்டு சீமெந்து மான்களை நிறுத்தினீர்கள். படத்தில் இருந்த மானுக்குப் புள்ளி இல்லை. இவற்றுக்குப் புள்ளி வைத்துப் பெயின்ற் அடித்தீர்கள்.

குளத்துக்குப் பக்கத்து வீட்டு அக்கா வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்தார். "மாஸ்டர், உந்த மான் ரெண்டும் தண்ணி குடிக்க எங்கை போறது? உங்கடை வீட்டுக்கோ?"

அங்கே நின்ற எல்லோரும் சிரித்தார்கள். நீங்களும்தான். "பிள்ளையள் விளையாட ஒரு இடம் வேணும்தானே, பிள்ளை. உது கோடையிலை வத்திற குளம்."

நான் சைக்கிளைப் பிடித்தபடி நின்றேன். கோபம்கூட வரவில்லை. பாண் வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போனேன்.

மாரி வந்தது. குளத்தில் தேங்கி நிலத்துக்குள் இறங்க வேண்டிய வெள்ளம் வாய்க்காலால் கடலுக்கு ஓடியது. தவளைகள் கத்தவில்லை. குளத்தைத் தேடி வந்த சில ரோட்டில் நசிந்து கிடந்தன. மிதிக்காமல் நடந்தேன், அவ்வளவுதான். நிலத்தடியில் நல்ல தண்ணீர் குறைய, கடல் நீர் உள்ளே ஏறி, தை முடிய என் கிணறு உவர்த்தது. வாழை இலைகள் ஓரத்தில் கருகுகின்றன. தேத்தண்ணீர் கரிக்கிறது. மனைவி சீனியைக் கூட்டிப் போடுகிறார். நான் குடிக்கிறேன்.

இப்போது வயற்கரைக் குளத்தையும் மூடப்போகிறீர்கள் என்று ஊரில் கதை. மிச்சம் இருக்கும் குளம் அது ஒன்றுதான். வருகிற பொதுக்கூட்டத்தில் மைக்கைப் பிடித்து, ஊருக்கு முன்னால் சொல்லுங்கள்: கிணறுகள் உவர்க்கும் என்று தெரிந்தா மூடினீர்கள், தெரியாமலா? கொட்டிய கிரவலை எப்போது அள்ளுவீர்கள்?