கட்டம் போட்ட விளக்கு

ஆம்பூர் பஜாரில் முனீர் அகமது பாயின் டிடிபி கடையில் பொன்மலருக்கு ஏழு வருஷமாக ஒரே வேலை. வெள்ளை எடுப்பது. கடையில் அதற்கு அதுதான் பெயர்.

ஷூ கம்பெனிக்காரர்கள் லோகோ கொண்டுவருவார்கள். விசிட்டிங் கார்டில் இருக்கும், மடித்து மடித்துக் கிழிந்த லெட்டர்ஹெட்டில் இருக்கும். ஒருத்தர் காலில் கிடந்த செருப்பையே கழற்றி ஸ்கேனர் மேல் வைத்த கதையும் உண்டு. ஸ்கேன் செய்தால் படத்தோடு காகிதத்தின் வெள்ளையும் ஒட்டிக்கொண்டு வரும். அதை அப்படியே பச்சை லேபிளில் வைத்தால் புண்ணுக்குப் பிளாஸ்திரி போட்ட மாதிரி அசிங்கமாக நிற்கும். அந்த வெள்ளையை, எழுத்தின் வளைவு சிதையாமல், போட்டோஷாப்பில் ஓரம் ஓரமாக வெட்டி எடுக்க வேண்டும். எடுத்த இடத்தில் சாம்பலும் வெள்ளையுமாகப் பொடிக் கட்டங்கள் தெரியும். இங்கே ஒன்றும் இல்லை என்று சொல்வதற்குக் கம்ப்யூட்டர் வைத்திருக்கிற அடையாளம் அது. திரையில்தான் தெரியும், அச்சில் வராது. இதை வருகிறவர்களுக்கெல்லாம் விளக்கி விளக்கி அவளுக்குத் தாவு தீர்ந்துபோயிருந்தது.

எவ்வளவு நன்றாக எடுத்தாலும் யாரும் பாராட்டப் போவதில்லை, இல்லாமல் போனதை யார் பார்க்கிறார்கள்? கண் எரியும், கழுத்து இறுகிப்போகும். கடையடைத்து பஸ் பிடித்து வீடு போனால், புருஷன் ஜெஸ்டன், தான் வேலை பார்க்கும் ஷூ பாக்டரியின் பசை நெடியோடு சுருண்டு படுத்திருப்பான். மகள் ஜெமி பெரும்பாலும் தூங்கியிருப்பாள். தூங்குகிற பிள்ளையைத்தான் அவள் வளர்த்தாள் என்று சொன்னால் தப்பில்லை.

அதனால்தான் அந்த டீச்சர் வேலை மேல் அவளுக்கு அப்படி ஓர் ஆசை. ஜெமி படித்த பள்ளிக்கூடம் அவர்கள் சபையின் பள்ளிக்கூடம்தான். ஜூன் மாதம் கம்ப்யூட்டர் டீச்சர் போடப் போகிறார்கள். பொன்மலரிடம் பி.எஸ்சி. இருந்தது, கம்ப்யூட்டர் டிப்ளமோ இருந்தது. நாலு மணிக்கு மணி அடித்ததும் பிள்ளையின் கையைப் பிடித்துக்கொண்டு வெயிலிலேயே வீடு திரும்பலாம். கரஸ்பாண்டெண்ட் தேவசகாயம் ஐயாவிடம் போய்க் கேட்டாள். அவர் ஆம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. பள்ளிக்கு வெள்ளி விழா வருகிறது, எம்பளத்தை, அதுதான் பள்ளிச் சின்னத்தை, புதிதாகச் செய்து கொடு, மற்றதைப் பார்த்துக்கொள்ளலாம் என்றார்.

மதியச் சாப்பாட்டு நேரத்தை எல்லாம் அதில் போட்டாள். திறந்த வேதாகமம், அதன் மேல் விளக்கு. வேதாகமத்தின் பக்கமும் வெள்ளை, காகிதமும் வெள்ளை. ஒன்றை விட்டு மற்றதை எடுப்பதற்குள் உயிர் போய் உயிர் வந்தது. முடித்த அன்று பார்த்து, பள்ளிக் கமிட்டிக்குக் காட்ட ஒரு கலர் பிரிண்ட் வாங்கிவரப் பெயிண்டர் சுந்தரமூர்த்தியை அனுப்பிவிட்டார் ஐயா. கரண்ட் போகிற நேரம். போட்டோஷாப் பிரிண்ட் கொடுக்காமல் மெமரி போதவில்லை என்று அடம்பிடித்தது. பொன்மலர் அலுத்துப்போய், திரையில் தெரிவதை அப்படியே படம் பிடிக்கிற பட்டனை அமுக்கி, வேர்டில் ஒட்டி, பிரிண்ட் எடுத்தாள். கட்டங்களும் சேர்ந்தே விழுந்தன. பார்த்தாள். பார்வைக்குத்தானே, சரியான பைல் பிளாப்பியில் இருக்கிறதே என்று இரண்டையும் அவர் கையில் கொடுத்துவிட்டாள்.

சுந்தரமூர்த்திக்குக் கம்ப்யூட்டரும் தெரியாது, பிளாப்பியும் தெரியாது. கமிட்டி பிரிண்டைப் பார்த்துத் தலையாட்டியது. கிறிஸ்மஸ் லீவில் அவர் பள்ளியின் முகப்புச் சுவரில் நூல் பிடித்து, சுண்ணாம்பில் கோடு அடித்து, ஒவ்வொரு கட்டமாகச் சாம்பலும் வெள்ளையும் தீட்டினார். நடுவில் விளக்கு.

விழாவன்று காலையில்தான் பொன்மலர் அதைப் பார்த்தாள். ஒன்றும் இல்லை என்பதற்கான அடையாளம் சுவர் முழுக்க நின்றது. சுந்தரமூர்த்தி பெருமையாகப் பக்கத்தில் வந்து நின்று, விளக்கு ஒரே நாள் வேலை, கட்டத்துக்குத்தான் முதுகு ஒடிந்துபோனது என்றார். அவரிடம் எதைச் சொல்வது? அதற்குள் தேவசகாயம் ஐயா கமிட்டிக்காரர்களோடு வந்துவிட்டார். எல்லாருக்கும் அது பிடித்துப்போயிருந்தது. சாம்பல் கட்டம் மனுஷனுடைய பாடு, வெள்ளைக் கட்டம் கர்த்தருடைய கிருபை, இரண்டுக்கும் நடுவில் வசனத்தின் வெளிச்சம் என்று ஐயா ஒரு குட்டிப் பிரசங்கமே தயாராக வைத்திருந்தார்.

"இந்தக் கட்டம் உன் யோசனைதானேம்மா?" என்று கேட்டார்.

இல்லை என்ற சொல் அவளுக்கு வாய் வரை வந்தது. நாலு மணி வெயிலும் ஜெமியின் கையும் கண்ணில் வந்து நின்றன.

"ஆமாங்கய்யா" என்றாள்.

ஜூன் மாதம் வேலை கிடைத்தது. அதே ஜூனில் பள்ளியின் யூனிபார்மும் மாறியது. சுவரில் இருந்த அதே சாம்பலும் வெள்ளையும் கலந்த கட்டம் போட்ட சட்டை. கட்டத்துக்குக் கட்டம் சேர்த்துத் தைக்கவேண்டும் என்று டெய்லர் துணியை ஜாஸ்தி கேட்டார். பக்கத்து வீட்டு ரங்கம்மாள் தோல் பதனிடும் ஷாப்பில் வேலை செய்கிறவள், இரண்டு பிள்ளைகளும் அதே பள்ளி. இன்னும் ஒரு வருஷம் உழைத்திருக்கவேண்டிய நீலச் சட்டைகளைக் கரித்துணியாகக் கிழித்துக்கொண்டே, எவளோ மகராசி யோசனை சொன்னாளாம், அவள் நல்லா இருக்கட்டும் என்றாள். பொன்மலர் குனிந்த தலை நிமிராமல் ஜெமியின் சட்டைக்கு இஸ்திரி போட்டாள். இது ஒன்றுமே இல்லை என்று அவளுக்குத் தெரியும். ஊர்ப் பிள்ளைகள் எல்லாம் அந்த ஒன்றுமில்லாததைப் போட்டுக்கொண்டு வரிசையில் போவதைத் தினமும் பார்க்கவேண்டியிருந்தது. நாலு மணிக்கே கிளம்பி வீடு வந்தும் அவள் அசதி தீரவில்லை.

முதல் வருஷம் டைப்பிங்கும் வேர்டும் சொல்லிக்கொடுத்து ஒப்பேற்றினாள். இரண்டாம் வருஷம் புது மெஷின்கள் வந்தன. அதில் போட்டோஷாப்பும் இருந்தது. தனக்கு உருப்படியாகத் தெரிந்ததைச் சொல்லிக்கொடுக்கும் ஆசை யாருக்குத்தான் இல்லை? ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளைச் சுற்றி நிற்கவைத்து, ஏதோ ஒரு பூப்படத்தை எடுத்து, பழகிய கை தன் பாட்டுக்குப் போக, வெள்ளையை எடுத்துக் காட்டினாள்.

திரை முழுக்கக் கட்டம்.

"மிஸ், நம்ம யூனிபார்ம்" என்றாள் ஹெப்சி என்ற மாணவி. "அது இன்னா மிஸ்?"

பொய் சொல்லியிருக்கலாம். இரண்டு வருஷமாகச் சுமந்ததில் அவளுக்குப் பொய்க்குக்கூடத் தெம்பு இல்லை.

"அங்க ஒண்ணுமே இல்லன்னு அர்த்தம்மா."

பிள்ளைகள் தங்கள் சட்டையைப் பார்த்துக்கொண்டு சிரித்த சிரிப்பு வராந்தா வரை கேட்டது. வராந்தாவில் ரவுண்ட்ஸ் வந்த தேவசகாயம் ஐயா நின்றிருந்தார். மணி அடித்துப் பிள்ளைகள் போகும்வரை காத்திருந்து உள்ளே வந்து உட்கார்ந்தார். அப்போதே உனக்குத் தெரியுமா என்று கேட்டார்.

"தெரியும்யா. சொன்னா வேலை கிடைக்காதுன்னு சொல்லல."

அவர் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் அவளுக்குத் தேவலையாக இருந்திருக்கும். ஜன்னல் வழியே மைதானத்தைப் பார்த்தார். பிள்ளைகள் கட்டம் கட்டமாக ஓடிக்கொண்டிருந்தார்கள்.

"நான் மேடை ஏறிப் பிரசங்கம் பண்ணிட்டேனேம்மா" என்றார். எழுந்தார். "உன்னை அனுப்பினா ஏன்னு கேப்பாங்க. நீ இரு. அந்த ப்ரோக்ராமை மட்டும் எல்லா மெஷின்லேர்ந்தும் எடுத்துடு. பிள்ளைங்களுக்கு அது வேணாம்."

வேலை தப்பியதே என்று முதலில் அவளுக்கு நிம்மதியாகத்தான் இருந்தது. ஒவ்வொரு மெஷினாக உட்கார்ந்து போட்டோஷாப்பை எடுத்தாள். கடைசி மெஷினுக்கு வந்தபோது அழுகை வந்துவிட்டது. இந்த உலகத்தில் அவளுக்கென்று தெரிந்தது அந்த ஒன்றுதான், அதையும் தன் கையாலேயே எடுத்துப் போட்டாயிற்று.

மறுநாள் ஒன்பதாம் வகுப்பு ஆசையாக ஓடிவந்து உட்கார்ந்தது. நேற்றுக் காட்டியதை எங்கே காணோம் என்று ஹெப்சி கேட்டாள்.

"அது ரிப்பேர் ஆய்டுச்சும்மா" என்றாள் பொன்மலர். "எல்லாரும் பெயிண்ட்டைத் திறந்து ஒரு வீடு வரைங்க."