காலி வரி

பாளையங்கோட்டையில் நான் வேலை பார்த்த டேட்டா கன்வர்ஷன் அலுவலகத்தில், வெளிநாட்டு மருத்துவக் கட்டுரைகளை எக்ஸ்.எம்.எல். என்ற கணினி வடிவத்துக்கு மாற்றி அனுப்புவோம். தொண்ணூறுகளின் கடைசி அது. அந்தக் கட்டுரைகள் திரையில் எப்படித் தெரிய வேண்டும் என்று கணினிக்குச் சொல்லும் ஸ்டைல்ஷீட்டை எழுதத் தெரிந்தவன் அங்கே நான் ஒருவன்தான்.

வாடிக்கையாளர் நாற்பத்திரண்டு மருந்துப் பெயர்கள் கொடுத்திருந்தார். அவற்றில் ஒன்றாவது ஒரு கட்டுரையில் வந்தால், அதன் தலையில் சிவப்பு எச்சரிக்கைப் பெட்டி விழ வேண்டும். ‘இந்தப் பெயர் இதற்குள் இருக்கிறதா’ என்று கேட்கும் கன்டெய்ன்ஸ் கட்டளையை நாற்பத்திரண்டு முறை வரிசையாகக் கோக்க எனக்கு மனமில்லை. பெயர்களைத் தனிக் கோப்பில் வைத்து, ஒவ்வொன்றாக எடுத்துத் தேடும்படி எழுதினேன். ஐந்து பெயர்களை வைத்துச் சோதித்தேன், சரியாக வந்தது. முழுக் கோப்பைத் தட்டச்சு செய்தவள், முக்கூடலிலிருந்து வந்துபோகும் ஆபரேட்டர் பேச்சியம்மாள்.

முதல் தொகுதி போன மறுநாள் காலை வாடிக்கையாளரிடமிருந்து போன் வந்தது. முந்நூறு கட்டுரைகளிலும் சிவப்புப் பெட்டி. பல் துலக்குவது பற்றிய கட்டுரையிலும்.

மேனேஜர் என்னைக் கூப்பிட்டார். “அந்த முக்கூடல் பிள்ளை தப்பா அடிச்சிருக்கு. நாளையிலேருந்து வர வேண்டாம்னு சொல்லிரும்வே. ஆபரேட்டர் தப்புன்னு ரிப்போர்ட் எழுதிக் கையெழுத்துப் போடும்.”

“பாத்துட்டுப் போடுதேன் சார்.”

பல் துலக்கும் கட்டுரையை எடுத்து, பெயர்களில் பாதியை நீக்கி ஓட்டினேன். சிவப்பு. மீதியில் பாதியை நீக்கினேன். சிவப்பு. கடைசியில் எல்லாப் பெயரும் போய், கோப்பின் அடியில் எழுத்தே இல்லாத ஒரு வரி மட்டும் நின்றது. அப்போதும் சிவப்பு. எதுவும் எழுதாத ஒன்றைத் தேடச் சொன்னால், கன்டெய்ன்ஸ் எப்போதும் ‘இருக்கிறது’ என்றே சொல்லும். அது எனக்கு அன்றுதான் தெரிந்தது.

பின்னால் நின்ற பேச்சியம்மாள், “ஒண்ணுமே இல்லாதத தேடுனா எல்லாத்துலயும் இருக்குங்குதே. இதுக்கா சார் என் சீட்டக் கிழிக்காவ?” என்றாள்.

“காலி வரி ஏன் விட்ட?”

“நீங்கதான விடச் சொன்னிய.”

டைரியைப் புரட்டினேன். என் கையெழுத்தில் இருந்தது: ‘புதுப் பெயர் சேர்க்க வசதியாக, கடைசியில் ஒரு காலி வரி விடுமாறு பேச்சியம்மாளிடம் சொன்னேன்.’

அந்தப் பக்கத்தை விரித்து மேனேஜர் மேஜையில் வைத்தேன்.

“இத யாருவே உம்மகிட்ட கேட்டா? ஸ்டைல்ஷீட்லயே தப்புன்னா காண்ட்ராக்ட் போயிரும். ஆபரேட்டர்னா ஒரு ஆளோட முடியும்.”

“அந்த ஆளு நான்தான் சார். என் பேரப் போடுங்க.”

“அப்ப நீரும் கெளம்ப வேண்டியதுதான்.”

“கெளம்புதேன். அந்தப் பிள்ள மேல பழி எழுதுன தாள்ல என் கையெழுத்து விழாது.”

என் தவறு என்று ரிப்போர்ட் எழுதிக் கொடுத்தேன். கிழித்தார். இன்னொரு பிரதி எடுத்தேன். அதையும் கிழித்தார். மூன்றாவதை வாடிக்கையாளருக்கு அனுப்பினார். காலி வரியைத் தாண்டிப் போக ஒரு நிபந்தனை சேர்த்து, மாலைக்குள் முந்நூறையும் திரும்ப ஓட்டினேன். பதினெட்டில் மட்டும் சிவப்பு.

காண்ட்ராக்ட் போகவில்லை. என்னையும் கிளம்பச் சொல்லவில்லை; டீம் லீடர் பொறுப்பை மட்டும் என்னிடமிருந்து எடுத்தார்கள். பேச்சியம்மாள் தன் நாற்காலியில்தான் இருந்தாள்.

புதிதாக வருகிறவர்களுக்கு: தேடல் பட்டியலைச் சோதிக்கும்போது முதலில் ஒரு காலி வரியைக் கொடுத்துப் பாருங்கள். அடுத்தவர் பேரில் ரிப்போர்ட் எழுதச் சொன்னால், அந்தச் சோதனை முடியும்வரை பேனாவைத் திறக்காதீர்கள்.