ஒரு கைப் புடவை

என் மனைவிக்கு ஏழு கொசுவம் வைத்துப் புடவை கட்டிவிட்டவன் நான். இதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். ஏனென்றால் செம்பாக்கத்தில் எங்கள் தெருவில் யாரைக் கேட்டாலும், அவளுடைய புடவை விஷயத்தில் அடுத்த வீட்டுக்காரரைத்தான் சொல்வார்கள்.

எண்பதுகளின் கடைசியில் அவளுக்கு இடது பக்கம் வாதம் வந்தது. அப்போது கிழக்குத் தாம்பரத்தில் ஒரு பெண்கள் பள்ளியில் பூகோளம் நடத்திக்கொண்டிருந்தாள். பேச்சு போகவில்லை, புத்தி போகவில்லை, எழுதுகிற கையும் போகவில்லை. இடது காலைக் கொஞ்சம் இழுத்து நடந்தாள். இடது கை மட்டும் தோளிலிருந்து சும்மா தொங்கியது. தொட்டாலும் தெரியாது, கிள்ளினாலும் தெரியாது. வீட்டில் நைட்டியோடு இருந்தாள். எங்கள் பக்கம் நைட்டி அப்போதுதான் பரவிக்கொண்டிருந்தது. அதை ஓர் உடையாகவே அவள் மதித்ததில்லை.

புடவை கட்ட இரண்டு கை வேண்டும் என்பதை அதற்கு முன் நான் யோசித்ததில்லை. ஒரு கை மடித்துக்கொண்டே போக, இன்னொரு கை மடித்ததைப் பிடித்திருக்க வேண்டும். சில நாள் தனியாக முயன்றுவிட்டு என்னைக் கூப்பிட்டாள். நான் ஓர் அரசு அலுவலகத்தில் டிராஃப்ட்ஸ்மேன். கோடு ஒரு நூல் விலகினாலும் மனம் ஒப்பாது. கொசுவத்தை என் நான்கு விரல் அகலத்துக்கு மடித்தேன். ஏழுக்கு ஆறு வந்தால் பிரித்து மறுபடியும் மடித்தேன். கரையெல்லாம் ஒன்றின்மேல் ஒன்று உட்காரும். டாக்டரிடம் போனபோது அங்கிருந்த நர்ஸ், யார் கட்டிவிட்டது இவ்வளவு அழகாக என்று கேட்டாள். என் மனைவி மோவாயால் என்னைச் சுட்டினாள். அன்று திரும்பி வரும்போது எனக்குப் பஸ்ஸில் நின்றுகொண்டு வந்ததே தெரியவில்லை.

முந்தானையை ஊக்குக் குத்தித்தான் நிறுத்த வேண்டியிருந்தது. இடது தோள் சரிந்துவிட்டதால் முந்தானை நிற்காது. ஒருநாள் கோயிலிலிருந்து வந்து புடவையை அவிழ்த்தபோது ஜாக்கெட்டின் தோளில் ரத்தம். ஊக்கு தோலையும் சேர்த்துப் பிடித்திருக்கிறது. அவளுக்குத் தெரியவே இல்லை. என்னைத் திட்டவில்லை. இனிமேல் ஊக்கு வேண்டாம் என்றாள், அவ்வளவுதான்.

கோடை விடுமுறையில் தலைமையாசிரியை பழங்களோடு வந்தார். நல்ல மனுஷி. ஜூனில் பள்ளி திறக்கும்போது வந்து சேர்வதைப் பற்றிப் பேச்சு வந்தது. "பாடம் நடத்தறதுல எனக்கு டவுட் இல்ல டீச்சர்," என்றார். "நடுவுல புடவை அவிழ்ந்துடுச்சுன்னா? பாத்ரூம் போயிட்டு வந்தா? ஸ்கூல்ல யார் கட்டிவிடுவாங்க?" விருப்ப ஓய்வு வாங்கிக்கொள்வதைப் பற்றியும் இலேசாகச் சொல்லிவிட்டுப் போனார்.

கேட்டை மூடிவிட்டு வந்ததும் நான் ஆறுதலாக, என் கட்டு அவிழாது என்றேன்.

"பாத்ரூமுக்கும் நீங்க வருவீங்களா?" என்றாள். பிறகு சொன்னாள்: "எனக்கு நானே கட்டிக்கணும். இல்லன்னா இந்த வேலை போச்சு. வேலை போச்சுன்னா நான் இந்த நைட்டியிலயே உக்கார வேண்டியதுதான்."

இந்த இடத்தில்தான் அடுத்த வீட்டுக்காரர் வருகிறார்.

அவர் விமானப்படையில் பாராசூட் மடிக்கும் பிரிவில் இருந்து ஓய்வு பெற்றவர். மனைவி காலமாகிவிட்டார். என்னைவிட நான்கு வயது இளையவர், தலையில் ஒரு நரை கிடையாது. அவர் வீட்டில் மூன்று தென்னை, எங்கள் வீட்டிலும் மூன்று. காய்த்தது அவருடையது. கோடையில் தெருவில் எல்லார் கிணறும் அடி தெரியும்போது அவர் மோட்டார் மட்டும் தண்ணீர் இறைக்கும். கூடத்தில் ஒரு கனத்த தையல் மெஷின் வைத்துக்கொண்டு, தெருவில் உள்ளவர்களின் ஸ்கூட்டருக்கு உறை, ஈசிசேருக்குத் துணி என்று தைத்துக் கொடுப்பார். அதனால் எல்லாருக்கும் அவரைப் பிடிக்கும். எனக்கு இதெல்லாம் முன்பே அவ்வளவாகப் பிடிக்காது.

என் மனைவி மதில் சுவரோரம் நின்று அவரிடம் விஷயத்தைச் சொல்லியிருக்கிறாள். நான் உள்ளே சவரம் செய்துகொண்டிருந்தேன். அவர் குரல் ஜன்னல் வழியாக வந்தது.

"இன்னா டீச்சர், இதுக்கா இவ்ளோ பேஜாரு? பாராசூட்டும் துணிதான், புடவையும் துணிதான். ஒரே இழுப்புல தொறக்கற மாதிரி மடிச்சுகினு இருந்தேன் இத்தினி வருஷம். உங்களுக்கு ஒரே இழுப்புல மூடணும். அவ்ளோதானே?"

அவள் சிரித்தாள். வாதம் வந்த பிறகு அவளுக்கு உதட்டின் இடது ஓரம் ஏறாது. அதனால் யார் முன்னாலும் சிரிப்பதை விட்டிருந்தாள். என் முன்னாலும்தான். அவர் முன்னால் சிரித்தாள். நான் தாடையில் இரண்டு இடத்தில் வெட்டிக்கொண்டேன்.

மறுநாள் அலுவலகத்திலிருந்து வந்து பீரோவைத் திறந்தால் மேல்தட்டில் அவளுடைய அளவு ஜாக்கெட் இல்லை. பழுப்பு நிறம், ஐந்து கொக்கி, தையல்காரரிடம் போகும்போது மட்டும் வெளியே வருவது. எங்கே என்று கேட்டேன்.

"அடுத்த வீட்டு சார் கேட்டாரு, குடுத்தேன்."

"என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?"

"உங்களுக்கா தைக்கப் போறாரு?" என்றாள்.

ஒரு பெண்ணின் அளவு ஜாக்கெட் தையல் கடையில் தொங்கினால் அது துணி. தெரிந்த ஆணின் வீட்டில், அவர் ஈசிசேரில் கிடந்தால் அது என்ன என்று எனக்கு இன்னும் சொல்லத் தெரியவில்லை. அதற்குப் பிறகு ஏதோ காரணம் சொல்லிக்கொண்டு இரண்டு முறை அவர் வீட்டுக்குப் போனேன். ஒருமுறை மெஷினின் மேலும் ஒருமுறை ஜன்னல் கம்பியிலும் அது இருந்தது.

நானும் சும்மா இருக்கவில்லை. டிரேசிங் தாளில் புடவையை அளவோடு வரைந்தேன். என் யோசனை இது: ஏழு கொசுவத்தையும் நிரந்தரமாகத் தைத்துவிட வேண்டும். அதை ஓர் இடுப்புப் பட்டையில் சேர்த்து, முன்பக்கம் நான்கு பெரிய கொக்கி. கொக்கியை ஒரு கையால் மாட்டிவிடலாம். ரயில்வே கேட் அருகே இருந்த தையல்காரரிடம் கொடுத்து ஒரு பழைய நூல் புடவையில் தைத்து வாங்கினேன். என் இடது கையைத் துண்டால் முதுகுப் பக்கம் கட்டிக்கொண்டு வேட்டிக்கு மேலேயே அதைப் போட்டுப் பார்த்தேன். நான்கு கொக்கியும் மாட்டின.

அவள் போட்டபோது ஒன்றுகூட மாட்டவில்லை. கொக்கியின் இந்தப் பக்கத்தை இழுத்தால் அந்தப் பக்கமும் கூடவே நகர்ந்தது. எனக்கு எப்படி மாட்டியது? நான் பீரோவில் இடது இடுப்பைச் சாய்த்துப் பட்டையை அழுத்திப் பிடித்திருக்கிறேன், அது எனக்கே தெரியவில்லை. அதைச் சொன்னதும் அவளும் பீரோவில் இடப்பக்கம் சாய்ந்தாள். அந்தக் காலில் அவள் பாரம் நிற்காது. நான் பிடித்திராவிட்டால் விழுந்திருப்பாள். புடவையைக் கழற்றிக் கட்டிலில் போட்டுவிட்டு, "படம் நல்லாத்தான் இருக்கு," என்றாள்.

அவருடையது வந்தது. அதிலும் கொசுவம் தைத்துத்தான் இருந்தது. எண்ணினேன், ஆறு. ஆனால் இடுப்பில் தடித்த நாடா. இடது பக்கம் ஓர் இரும்பு வளையம், நாடா அதற்குள் நுழைந்து திரும்பியிருந்தது. ரத்த அழுத்தம் பார்க்கக் கையில் சுற்றுவார்களே, அதில் பர்ரென்று பிரியும் ஒட்டுத்துணி, அது நாடாவின் நுனியில். கட்டிலில் உட்கார்ந்து பாவாடை மாதிரி காலில் நுழைத்து, எழுந்து நின்று, வலது கையால் நாடாவை வலப்பக்கம் இழுக்க வேண்டும். இறுகும். அப்படியே அழுத்தினால் ஒட்டிக்கொள்ளும். ஜாக்கெட்டிலும் முன்பக்கம் உள்ளே ஒட்டுத்துணி வைத்து, பார்வைக்காக மேலே ஐந்து கொக்கியைச் சும்மா தைத்திருந்தார். அவள் அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினாள். பர்ர் என்ற சத்தம் கேட்டது. வெளியே வந்தபோது புடவையில் இருந்தாள்.

ஒரு தவறு இருந்தது. அவர் முந்தானையை வலது தோளில் விட்டிருந்தார். நல்ல தோள் அதுதானே, ஊக்கில்லாமல் நிற்கும் என்பது அவர் கணக்கு. அவள் கண்ணாடியைப் பார்த்துவிட்டு, "சேட்டம்மா மாதிரி கீறேன்னு பிள்ளைங்க சொல்லும்," என்று அவருடைய பாஷையிலேயே சொன்னாள். சுவரில் இருந்த காலண்டரில் எழுதுகிற மாதிரி வலது கையை உயர்த்தினாள். முந்தானை சறுக்கி முழங்கைக்கு வந்தது. கரும்பலகை முன் நிற்க முடியாது. எனக்குள் ஏற்பட்ட சந்தோஷத்தை மறைக்க நான் சமையலறைக்குப் போய்த் தண்ணீர் குடித்தேன்.

விடை எனக்குத்தான் கிடைத்தது. எங்கள் அலுவலகத்தில் மேலதிகாரிக்கு ஒரு டவாலி உண்டு. வெள்ளைக் கோட்டின் குறுக்கே சிவப்புப் பட்டை அணிந்து அறை வாசலில் நிற்பார். ஒருநாள் கையெழுத்துக்குக் காத்திருந்தபோது அவர் தோளைப் பார்த்தேன். பட்டை நழுவாமலிருக்கக் கோட்டின் தோளில் ஒரு சின்னப் பட்டி, ஒரு பொத்தான். அவரைக் கூப்பிட்டு அதை மூன்று முறை கழற்றி மாட்டச் சொன்னேன். ஏன் என்று அவர் கேட்கவில்லை, பெரிய அதிகாரிகளிடம் பழகியவர்.

வரைந்தேன். ஜாக்கெட்டின் இடது தோளில் இரண்டு விரல் அகலப் பட்டி. முந்தானையை அதன் கீழே விட்டு, வலது கையால் பட்டியை மடக்கி ஒரு டிச் பட்டனை அழுத்த வேண்டும். அந்தத் தோளில் அவளுக்கு உணர்ச்சி இல்லை. அதனால் என்ன, 'டிக்' என்று சத்தம் கேட்குமே. குத்தாது, ரத்தம் வராது. தையல்காரரிடம் கொடுத்திருக்கலாம். அவளோ அந்தப் படத்தை மதில் சுவர் தாண்டிக் கொடுத்துவிட்டாள். முந்தானையை இடது தோளுக்கு மாற்றிப் பட்டியோடு தைத்து அவர் அன்று மாலையே கொடுத்தார். "படம் சூப்பர் சார்," என்று என்னிடம் சொன்னார். படம் என்றுதான் சொன்னார்.

ஜூன் வந்தது. அன்று காலை அவள் கதவைத் தாழிட்டுக்கொண்டாள். நான் வெளியே நின்றேன். என் கைக்கு வேலை இல்லை. உள்ளே பர்ர், பிறகு டிக். வந்து நின்றாள். கரை தரையிலிருந்து சரியான உயரத்தில் இருந்தது. சரிசெய்ய ஏதாவது இருக்காதா என்று சுற்றிவந்து பார்த்தேன். இல்லை.

பள்ளிக்குப் போகும் பஸ்ஸில் அவள் சொன்னாள்: "ஸ்கூல்ல யார் செஞ்சதுன்னு கேப்பாங்க. அடுத்த வீட்டு சார்னு சொல்லுவேன். நீங்களும் அப்படியே சொல்லுங்க."

"தோள்பட்டி?"

"அதுவும்தான்."

எனக்குக் காது சூடாகிவிட்டது. என்ன நியாயம் இது என்று கேட்டேன்.

"அவர் தச்சாருன்னு சொன்னா அது ஒரு டிரெஸ், நான் போட்டுக்கறேன். நீங்க செஞ்சீங்கன்னு சொன்னா, வீட்டுக்காரர் டெய்லி கட்டிவிட்டு அனுப்பறாருன்னு பேச்சாயிடும். எச்.எம். மனசுல அதுதான் இருக்கு." ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். "கட்டிவிட்டதும் நெஜம்தானே, அதனாலதான் சொல்றேன்."

தலைமையாசிரியையின் அறையில் மூன்று நாற்காலிகள் இருந்தன. நான் ஓரத்தில் உட்கார்ந்தேன். அவர் என் மனைவியை மேலும் கீழும் பார்த்துவிட்டு, என்னிடம் திரும்பி, சார்தான் கட்டிவிட்டீர்களா என்று சிரித்துக்கொண்டே கேட்டார். இல்லை, அவளேதான் என்றேன். நம்பவில்லை போலிருந்தது. என் மனைவி எழுந்து பக்கத்து அறைக்குள் தனியாகப் போனாள். எல்லாவற்றையும் கழற்றி மறுபடி போட்டுக்கொண்டு வந்து நின்றாள். தலைமையாசிரியை அருகில் வந்து தோள்பட்டியைத் தொட்டார்.

"இது யார் ஐடியா?"

என் மனைவி என்னைப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் நான் என்ன சொல்லியிருப்பேனோ.

"அடுத்த வீட்டு சார்," என்றேன். "ஏர்ஃபோர்ஸ்ல இருந்தவர்."

"பார்த்தாலே தெரியுது, யூனிஃபார்ம்ல வர்ற பட்டி," என்றார் அவர். ஆமாம் என்று தலையாட்டினேன். அவர் கையெழுத்துப் போடப் பேனாவைத் திறந்தார்.

நான் உடனே கிளம்பவில்லை. வராந்தாவில் தூணோரம் நின்றேன். ஏழாம் வகுப்பில் அவள் இந்தியாவின் கடற்கரையைக் கரும்பலகையில் வரைந்துகொண்டிருந்தாள், குஜராத்திலிருந்து கன்னியாகுமரி வரை சாக்பீஸை எடுக்காமல். கை மேலே போனபோது முந்தானை அசையவில்லை. முன்வரிசையில் ஒரு பெண் அடுத்தவளிடம் அவள் தோளைக் காட்டி ஏதோ சொன்னாள்.

அவள் ஓய்வு பெறும்வரை அப்படித்தான் பள்ளிக்குப் போனாள். விஷயம் பரவி ஊரப்பாக்கத்திலிருந்தும் வண்டலூரிலிருந்தும் கையோ காலோ வராத பெண்களை அழைத்துக்கொண்டு வந்தார்கள். எல்லாரும் அடுத்த வீட்டுக் கேட்டைத்தான் தட்டினார்கள். சிலர் தவறாக எங்கள் கேட்டைத் தட்டுவார்கள். நான் கையால் காட்டி அனுப்புவேன். தோள்பட்டி எப்படித் தோன்றியது என்று அவர்கள் கேட்டதற்கு அவர் என்ன பதில் சொன்னார் என்று தெரியாது. மறுத்திருந்தால் யாராவது ஒருவராவது என்னைத் தேடி வந்திருப்பார்களே.

அவள் வேலைக்குத் திரும்பிய அந்த முதல் நாள் நான் பள்ளியிலிருந்து ஸ்டேஷனுக்கு நடந்தபோது அடுத்த வீட்டுக்காரர் பக்கத்தில் ஸ்கூட்டரை நிறுத்தினார். வேண்டுமென்றே அந்தப் பக்கம் வந்திருக்க வேண்டும், தெரிந்துகொள்ளும் ஆசை.

"இன்னா சார், நம்ம புடவை நின்னுச்சா?"

நின்றது என்றேன். அவர் முகமெல்லாம் சிரிப்பாகி ஸ்கூட்டரைக் கிளப்பினார். தாம்பரத்துக்காரர்கள் 'என் வீடு' என்பதையும் 'நம்ம வூடு' என்றுதான் சொல்வார்கள். அவர் சொன்ன அந்த 'நம்ம'வில் நான் இருந்தேனா என்று பலமுறை யோசித்திருக்கிறேன். கேட்டிருக்கலாம். கேட்டு, இருக்கிறீர்கள் சார் என்று அவர் பெருந்தன்மையாகச் சொல்லிவிட்டால் அதை என்னால் தாங்க முடியாது என்பதால் கேட்கவில்லை.