தாயம்மா எடுக்கும் பெரட்டு

"ராமசாமி!"

பதில் இல்லை. தாயம்மா ஒரு விரலை நீட்டுகிறாள். மறுபடி கூப்பிட்டு இரண்டாவது விரலையும் நீட்டுகிறாள். மூன்றாவது விரல் எழுவதற்குள் கதவு திறக்கிறது. பதினாறு வயதுப் பையன் கண்ணைக் கசக்கிக்கொண்டு நிற்கிறான்.

"இருக்கேன்லா அக்கா. அடைச்சு வச்சிட்டு தினம் பேரு வேற. நீங்க என்னா கங்காணியா?"

"மீசை ஒண்ணுதான்டா கொறச்சல். கரித்துண்டு குடு, வரைஞ்சுக்கறேன்."

ரப்பர் பால்மரம் சீவப் போகிறவர்களை விடியுமுன் நிறுத்திப் பெயர் கூப்பிடுவதை எங்கள் தோட்டத்தில் பெரட்டு என்போம். மூன்று முறை கூப்பிட்டும் குரல் வராவிட்டால் கங்காணி பெயரை வெட்டிவிடுவார். அந்தக் கங்காணியை ஜப்பான்காரர்கள் சயாம் ரயில் பாதைக்குக் கொண்டுபோய்விட்டார்கள். பிறகு எங்கள் வரிசை வீடுகளான லயத்துக்குள் வாந்திபேதி வந்தது. நோய் கண்டவர்களைப் பழைய பால் ஸ்டோரில் படுக்கவைத்து, குறுக்கே கயிறு கட்டி, மற்றவர்கள் வாசற்படி தாண்டக்கூடாது என்றார் தோட்டத்தில் மருந்து கொடுக்கும் டிரசர். பெரியவர்கள் அடங்கினார்கள். பதினைந்து பதினாறு வயதுகள் அடங்கவில்லை. பின்கதவு வழியாக ஆற்றுக்கு ஓடின.

எங்கள் குடும்பத்தில் முதலில் பட்டம் வாங்கியவன் நான். அந்தப் பிள்ளைகளுக்காகக் கால அட்டவணை எழுதி, டிரசரைக் கொண்டு வீட்டுக்கு வீடு ஒட்டவைத்தேன். இரண்டாம் நாளே அதில் ராமசாமி சுருட்டு சுற்றினான். நான் படித்தது யாருக்கு என்று அன்று முழுக்க யோசித்தேன்.

தாயம்மா யோசிக்கவில்லை. புல் வெட்டுகிறவள், நாற்பது வயது, சாக்கில் தைத்த பாவாடை. வீடுகளுக்கு வெந்நீர் ஊற்ற டிரசர் அனுமதித்த ஒரே ஆள். மறுநாள் விடியலில் வாளியோடு வந்தவள் பெரட்டு எடுத்தாள். பதில் சொன்னவர்களுக்கு வேலை கொடுத்தாள். ராமசாமிக்கு மரம் சீவிப் பழக வாழைத்தண்டும் பால் சீவும் கத்தியும். "பட்டை ஒரே கனமா வரணும். ஆழமா வெட்டின, நாளைக்கு மரத்துகிட்டயே விட மாட்டேன்." சாயங்காலம் சீவிய தண்டைப் படியில் வைத்துக் காட்ட வேண்டும். நன்றாக இல்லையென்றால் லயம் முழுக்கக் கேட்கும்படி சொல்லுவாள். ஆற்றுக்கு ஓடுவது நின்றது. "பி.ஏ. தம்பி!" என்று என்னையும் கூப்பிடுகிறாள். நானும் "இருக்கேன்" என்கிறேன்.

நீலாவதிதான் அவளுக்குப் பெரிய வேலை வைத்தாள். பதினைந்து வயது. அம்மா செல்லம்மா பால் ஸ்டோரில் கிடந்தாள். ஒரு நாள் நீலாவதி கயிறு வரைக்கும் ஓடிவிட்டாள். தாயம்மா வழியை மறித்து நின்றாள்.

"தாண்டினா நீ மட்டும் படுக்க மாட்ட, இந்த லயமே படுக்கும். நாளையிலேருந்து கடைசிப் பேரு உங்கம்மா. நீ படியில நின்னு கேளு."

அப்படியே நடந்தது. கடைசியாக "செல்லம்மா!" என்று கத்துவாள். ஸ்டோரிலிருந்து தகரக் குவளை தட்டும் சத்தம் வரும். அதைக் கேட்டுவிட்டு நீலாவதி உள்ளே போவாள்.

நேற்றுக் காலை தாயம்மா செல்லம்மாவை இரண்டு முறை கூப்பிட்டாள். குவளை தட்டவில்லை. நீலாவதியின் ஒரு கால் படியை விட்டு இறங்கியது.

"அக்கா, இன்னொரு தடவ கூப்புடுங்க."

"காலை உள்ள வை."

"பேரை வெட்டப் போறீங்களா?"

"ரெண்டுதான் ஆயிருக்கு. மூணாவதை எப்பக் கூப்புடறதுன்னு எனக்குத் தெரியும்."

வாளியை வைத்துவிட்டு, நீட்டிய இரண்டு விரல்களோடு நடுவழியில் சப்பணமிட்டு உட்கார்ந்தாள் தாயம்மா. வெயில் மரங்களுக்கு மேலே வந்தது. வெந்நீர் ஆறியது. யாரும் உள்ளே போகவில்லை. நீலாவதி காலை எடுத்துப் படியில் வைத்தாள்.

வெகுநேரம் கழித்து ஸ்டோரில் குவளை ஒரே ஒரு முறை தட்டியது.

தாயம்மா எழுந்தாள். பாவாடையில் ஒட்டிய மண்ணைத் தட்டினாள். இரண்டு விரல்களையும் மடக்கி, ஆறிப்போன வாளியை அடுப்புக்குத் தூக்கிக்கொண்டு நடந்தாள்.