குண்டூசிப் புள்ளிகள்

தன்னுடையது என்று ஆகிவிட்ட எந்தப் பொருளிலும் அப்பாதுரை ஒரு புள்ளி குத்திவிடுவார். குடைப்பிடி, டிபன் பாக்ஸ், மகள் தாரணியின் ஜாமெட்ரி பாக்ஸ், எதுவும் தப்பவில்லை. பெங்களூர் பீன்யாவில் இருபத்தாறு வருடம் லேத் ஓட்டியவர். கடைந்த ஒவ்வொரு துண்டிலும் கடைந்தவனின் அடையாளம் குத்தியிருக்க வேண்டும் என்பது அந்தக் கம்பெனி வழக்கம். பிசகு வந்தால் ஆளைப் பிடித்துவிடலாம்.

கம்பெனி மூடி, 2002இல் தொம்மலூர் வீட்டை விற்க வேண்டி வந்தபோதும் அதையேதான் செய்தார். பென்ஷன் கிடையாது. பக்கத்திலேயே சின்னதாக ஒரு வீடு வாங்கி, மிச்சத்தில் காலம் தள்ள வேண்டும். இதில் ஏமாந்தால் விற்பதற்கு வேறெதுவும் இல்லை.

மூன்று புரோக்கர்கள் பத்திர ஜெராக்ஸ் கேட்டார்கள். பால்ராஜ் பேசிக்கொண்டே சுவரைத் தட்டிப் பார்த்ததால் அவர்மேல் சந்தேகம். எஸ்டிடி பூத் வைத்திருந்த டென்சில் விலையைப் பற்றி வாயே திறக்காததால் அவர்மேல் இன்னும் சந்தேகம். தேசிகன் மட்டும் செருப்பை வாசலிலேயே கழற்றிவிட்டு வந்தார். அவருக்குக் காபி கிடைத்தது.

பால்ராஜுக்கு ஒன்று, டென்சிலுக்கு இரண்டு, தேசிகனுக்கு மூன்று என்று ஜெராக்ஸ் மூலையில் குண்டூசியால் புள்ளி குத்தி, பழைய சம்பளக் கவர்களில் போட்டுப் பெயரெழுதி, மகளிடம் கொடுத்தனுப்பினார். புள்ளிகளைப் பற்றி அவளிடமும் மூச்சு விடவில்லை.

மூன்றாம் வாரம் முன்பின் தெரியாத ஒருவர் வந்து நின்றார்.

"எப்ப காலி பண்றீங்க? டோக்கன் அட்வான்ஸ் குடுத்துட்டனே."

"யாருக்குக் குடுத்தீங்க?"

"சிவாஜிநகர்ல ஒரு ஆபீஸ்ல. உங்க புரோக்கர் அனுப்பின பேப்பருன்னாங்க."

அப்பாதுரை அவர் கையிலிருந்த ஜெராக்ஸை வாங்கி வெளிச்சத்தில் பிடித்தார். இரண்டு புள்ளி. தாரணியையும் இழுத்துக்கொண்டு பூத்துக்குப் போனார். அங்கே நாலைந்து பேர் நின்றிருந்தார்கள்.

"திருட்டுப் பயலே, என் வீட்ட எத்தன பேருக்குடா வித்திருக்க?"

டென்சில் ரிசீவரை வைத்தார். "அங்கிள், ஸ்வல்ப மெதுவாப் பேசுங்க. நீங்க வெல சொல்லட்டும்னு கவரே பிரிக்காம வெச்சிருக்கேன்." ஒட்டியது ஒட்டியபடி இருந்த கவரை எடுத்து நீட்டினார்.

வீட்டுக்கு வந்து பிரித்தார்கள். மூலையில் மூன்று புள்ளி. அப்போதுதான் அப்பாதுரை மகளிடம் கணக்கை விளக்கினார். அவள் கவரைத் திருப்பிப் பார்த்தாள்.

"அப்பா, அழுக்குக் கவர்ல குடுக்க ஒரு மாதிரி இருந்துச்சு. புதுசு வாங்கி மாத்தினேன். மூணும் ஒரே ஜெராக்ஸ்தானேன்னு எது எதுல போட்டேன்னு பாக்கல..."

அந்த வீட்டின் முதல் பட்டதாரி அவள். பால்ராஜிடம் போய்ப் பார்த்தார்கள். அவரிடம் ஒரு புள்ளி. மிச்சமிருந்தது காபி குடித்தவர். அவர் பூட்டிய கடையைப் பிறகு திறக்கவே இல்லை.

நாலு மாதம் கழித்து மௌரீன் என்ற டீச்சர் வந்தார். "பூத்காரர் சொன்னாரு. பேப்பர் சுத்தம், நேராப் போய்ப் பேசுங்கன்னாரு." வீடு நல்ல விலைக்கே போனது.

அப்பாதுரை கமிஷனை எண்ணி மகளிடம் கொடுத்தனுப்பினார். டென்சில் தொடவில்லை.

"நாலு பேர் முன்னாடி சொன்னாரு இல்லம்மா. அதே மாதிரி நாலு பேர் முன்னாடி வந்து, நான் திருடன் இல்லன்னு ஒரு வார்த்த சொல்லச் சொல்லு. அது போதும்."

"போறேன் போறேன்" என்றார் அப்பாதுரை. பூத் இருந்த தெருமுனை வரை மூன்று முறை போனார். மூன்று முறையும் கொத்தமல்லிக் கட்டோடு திரும்பினார். 2006இல் இறந்துபோனார்.

புள்ளி குத்திய அந்தக் குடையோடு தாரணி இன்றும் அந்த வழியாகத்தான் பஸ்ஸுக்குப் போகிறாள். பூத் இப்போது ரீசார்ஜ் கடை. டென்சில் தலையசைப்பார். கவரை மாற்றியவள் அவள்தானே, அவளே சொல்லலாம். கடை வாசலில் எப்போதும் நாலு பேர் இருக்கத்தான் செய்கிறார்கள். அவளும் பதிலுக்குத் தலையசைத்துவிட்டு நடக்கிறாள்.